நடுச்சுவர் கேட்டு வாங்கிய நக்கமாராவுக்கு

அலுவலகத்தின் அச்சாணியே! அதிகாரிகளின் அஜீரணமே! அலுத்தும் அசராத எங்கள் அருமை அக்காவே!

பாலைவனச் செம்மண்ணில் பிறந்து, செம்மண் தூசியிலேயே தலை நரைத்து, வந்த அரசுகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லி, போன அரசுகள் போட்டுவிட்டுப் போன வேலைகளையும் வாரிச் சுமந்து, மார்லு ஊற்று மக்களின் மருந்துக்கும் மானத்துக்கும் ஒருசேர மல்லுக்கு நின்ற வால்டா நக்கமாரா அவர்களே! மார்லு ஊற்றுச் சமூக நலவாழ்வு நிலையத்தின் மேலாளர் பொறுப்பிலிருந்து தாங்கள் விடைபெறும் இந்நாளில், தங்களோடு உழைத்தும், தங்களிடம் திட்டு வாங்கியும், தங்கள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தும் வளர்ந்த ஊழியர்களாகிய நாங்கள் இம்மடலை வாசித்தளிக்கிறோம். தாங்கள், தங்கள் என்று எழுத எழுத, யாரோ அமைச்சரை வரவேற்பதுபோல இருக்கிறது. இங்கு வந்த அமைச்சர்களை நீங்கள் எப்படி வரவேற்றீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இனி நீங்கள் என்றே சொல்லிக்கொள்கிறோம்.

இப்படி ஒரு மடல் எழுதப்போகிறோம் என்று எங்கள் ஓட்டுநரும் ஊர்க்குழுத் தலைவருமான க்ளிஃபோர்ட் ஜக்கமாரா உங்களிடம் வந்து சொன்னபோது, நீங்கள் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"எழுதுங்க. ஆனா ஓயாத உழைப்பாளி, சலிக்காத சேவைன்னு பொய் எழுதினா, வாசிக்கும்போதே எழுந்து போயிடுவேன். நான் ஓய்ஞ்சும் போயிட்டேன், சலிச்சும் போயிட்டேன்."

"அக்கா, இந்த மாதிரி மடல்ல அப்படித்தானே எழுதுவாங்க?"

"அப்ப வேற யாருக்காவது எழுதுங்க."

எனவே சபையோர் முன்னிலையில் உண்மையைச் சொல்கிறோம். நீங்கள் சலித்தீர்கள். ஆண்டுக்கணக்கில், வெளிப்படையாக, எங்கள் எல்லோர் கண் முன்னாலும் சலித்தீர்கள். சலித்துக்கொண்டே மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தீர்கள். அதைத்தான் பாராட்ட வந்திருக்கிறோம், உட்கார்ந்து கேளுங்கள்.

ஓய்வு பெறுகிறவர்களை வாழ்த்தும்போது, இனி நிம்மதியாகத் தூங்குங்கள், மீன் பிடியுங்கள் என்றெல்லாம் சொல்வது வழக்கம். நீங்களோ வருகிற வெள்ளிக்கிழமை பேருந்தில் ஆலிஸ் நகரத்துக்குப் போகிறீர்கள். உங்கள் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நம் ஊரிலேயே அதற்கு இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. அரசிடம் சண்டை போட்டு அவற்றை இங்கே கொண்டுவந்தவரே நீங்கள்தான். இரண்டிலும் இப்போது ஆள் இருப்பதால், கொண்டுவந்தவர் இடமில்லாமல் ஊரை விட்டுப் போகிறார். இதை எப்படி மங்கலமாகச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அப்படியே சொல்லிவிட்டோம்.

செலவுக் கணக்கின் சிம்மமே! குழந்தைகளுக்கு எடை பார்க்கும் பெண்ணாக இந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் நுழைந்த காலத்திலிருந்து எத்தனை திட்டங்கள் வந்தன, எத்தனை போயின! ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு புதுப் பெயர், ஒரு புது அதிகாரி, நமக்கெல்லாம் ஆளுக்கொரு சட்டை. வண்டி துடைக்க நமக்குத் துணிப் பஞ்சமே வந்ததில்லை. வந்த அதிகாரி ஒவ்வொருவரும், இதற்கு முன்னால் யாருமே கேட்காததுபோல, இங்கே என்ன தேவை என்று கேட்டார். நீங்களும் இதற்கு முன்னால் யாரிடமும் சொல்லாததுபோல, முதலிலிருந்து சொன்னீர்கள். ஒருமுறை தலைநகரத்திலிருந்து வந்த ஒருவர், இந்த மண்ணின் ஆதிக்குடி மக்களுக்குத் தலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று திரையில் படம் போட்டுக் காட்டிவிட்டு, பலன் எங்கே என்று கேட்டார். நீங்கள் சொன்னதை நாங்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்.

"எங்க தலைக்குன்னு கிளம்புற காசு நேரா எங்ககிட்டயா வருது? பிளேன் ஏறுது, ஓட்டல்ல தங்குது, நல்லா சாப்பிடுது, வாடகைக் கார் எடுத்துக்கிட்டு வந்து எங்களைப் பார்த்து எப்படி இருக்கீங்கன்னு கேக்குது. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயிடுது. நாங்க அதுக்கு டீ போட்டுக் குடுத்ததுதான் மிச்சம்."

அவரும் சிரித்தார். நல்ல மனிதர்தான். அந்த மாதமே அவரை வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்தச் சலிப்புகளுக்கெல்லாம் நடுவில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிறுநீரகம் கெட்டவர்கள் வைத்தியத்துக்காக ஊரை விட்டுப் போய், ஆலிஸ் நகரத்து விடுதிகளில் தனியாகப் படுத்து, ஒருநாள் பெட்டியில் திரும்பி வருகிறார்களே, அது நிற்க வேண்டும். அவர்கள் தங்கள் மண்ணில், தங்கள் மனிதர்கள் நடுவில் இருந்தபடியே பிழைத்துக் கிடக்க வேண்டும். இது உங்கள் வீட்டுக் கதையும்கூட. உங்கள் தாயாரும் அங்கேதான் இருந்தார், உங்கள் கணவர் ரெக்ஸ் ஜப்பல்ஜாரியும் அங்கேதான் இருந்தார். தாயாரின் பெயரை நாங்கள் இங்கே எழுதவில்லை. இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லி அவர்களைத் தொந்தரவு செய்கிற ஆட்கள் அல்ல நாம். வாரக் கடைசியில் நாள் முழுக்க வண்டி ஓட்டிப் போய், தாயாரை ஒரு விடுதியிலும் கணவரை வேறொரு விடுதியிலும் பார்த்துவிட்டுத் திரும்பி, திங்கட்கிழமை காலையில் புழுதித் தலையோடு இந்த மேசையில் உட்காருவீர்கள்.

ஒருவழியாக டயாலிசிஸ் அறை வந்தது. வரைபடம் எங்கேயோ ஓர் ஊரில் எங்களைக் கேட்காமலேயே ஒப்புதல் பெற்று வந்தது. கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது, சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். எத்தனை சுவர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே அறை, ஒரே கதவு, நடுவில் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு நாற்காலிகள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஒரு நாற்காலி உங்கள் தாயாருக்கு, மற்றது ரெக்ஸுக்கு என்று மருத்துவமனை முடிவு செய்தது. அன்று உங்கள் முகம் போன போக்கை நாங்கள் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவும் பேசவும் கூடாத மாமியாரும் மருமகனும் ஒரே அறையில்! நம் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும் அது ஆகாது என்று.

முதல் நாள் தாயார் வந்து உட்கார்ந்து ஊசியும் போட்டாயிற்று. ரெக்ஸ் வாசலுக்கு வந்தார், உள்ளே இருப்பது யாரென்று கண்டார், முதுகைத் திருப்பிக்கொண்டு நேரே நடந்துவிட்டார். அப்போது புதிதாக வந்திருந்த நர்ஸ் பெர்னடெட், அவர் ஊசிக்குப் பயந்து ஓடுகிறார் என்று நினைத்து, கையில் பஞ்சோடு பின்னாலேயே ஓடினார். அப்புறம் நடுவில் ஒரு திரை கட்டிப் பார்த்தோம். திரைக்கு அந்தப் பக்கம் ரெக்ஸ் ஒரு தடவை இருமினார். அவ்வளவுதான், உங்கள் தாயார் கம்பளியை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டவர், மிஷின் நிற்கும்வரை எடுக்கவே இல்லை. கோடையில், கம்பளிக்குள். ரெக்ஸோ இருமலை விழுங்கி விழுங்கிக் கண் சிவந்துபோனார். அன்று நீங்கள் இருவருக்கும் முகம் துடைத்துவிட்டு, மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

வேறு வேறு நாள் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். நர்ஸுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்குத்தான் சம்பளம் ஒதுக்கியிருந்தது. மற்ற நாட்களுக்குக் கேட்டால், அது கட்டடம் கட்டிய துறையின் பையிலிருந்து வராது, வேறொரு பையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அந்தப் பை யாருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் ரெக்ஸ் துணிமூட்டையைக் கட்டிவிட்டார். நாங்கள் பேருந்து நிற்கும் இடத்தில்தான் இருந்தோம்.

"உங்கம்மா வீட்டோட இருக்கட்டும். நான் டவுன்லயே இருக்கேன். அங்க நல்லா கால்பந்து பாக்கலாம்."

"பொய் சொல்லாதே. உன் டீம் ஜெயிச்சு எத்தனை காலம் ஆச்சு?"

"தோக்கிறதைப் பாக்கவும் ஒரு ஆள் வேணும்ல?"

நீங்கள் கை காட்டினீர்கள். பேருந்து போன பிறகும் அங்கேயே நின்றீர்கள். ஒரு மனிதர் தன் மாமியாருக்குக் கொடுத்த மரியாதை அது. அறிக்கையில் அது வேறு மாதிரி ஏறியது. இரண்டாவது நாற்காலி பயன்படுத்தப்படவில்லை, தேவை இருப்பதாகத் தெரியவில்லை, வேறு ஊருக்கு மாற்றலாம் என்று எழுதினார்கள்.

நடுவில் ஒரு சுவரும் பக்கத்துக்கு ஒரு கதவும் கேட்டு நீங்கள் விண்ணப்பம் போட்டீர்கள். அதை விசாரிக்க ஹாமிஷ் என்ற இளம் அதிகாரி வந்தார். ஊர்க்குழு கூடியது. ஹாமிஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு விதியைச் சொன்னார்.

"இது அரசாங்கக் காசு. நோயாளிகளுக்குச் சொந்தக்காரங்க இந்த விஷயத்தைப் பேசும்போது உள்ள இருக்கக் கூடாது. தயவுசெஞ்சு வெளிய போங்க."

நீங்கள் மகள், மனைவி. எழுந்தீர்கள். க்ளிஃபோர்ட் தம்பி முறை, எழுந்தார். அடுத்தவர் அத்தை முறை, அதற்கடுத்தவர் பெரியப்பா மகன். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. கடைசியில் பெர்னடெட்டும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"சிஸ்டர், நீங்க மெல்பர்ன்தானே?" என்று ஹாமிஷ் பதறினார்.

"எனக்கு இங்க நுங்கராயின்னு உறவுப் பெயர் குடுத்திருக்காங்க. அப்படிப் பாத்தா வால்டா எனக்கு அம்மா. விதின்னா விதிதானே?"

"எல்லாருமா போறீங்க?"

"நீங்கதானே போகச் சொன்னீங்க?" என்றார் க்ளிஃபோர்ட், கதவைப் பிடித்துக்கொண்டு. "நாயை வேணா விட்டுட்டுப் போறோம். அதுவும் எங்க மச்சான் வீட்டு நாய்தான், பாத்துப் பேசுங்க."

ஹாமிஷ் கொஞ்ச நேரம் அந்த நாயோடு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தார். நாம் எல்லோரும் மர நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அங்கே நீங்கள் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னீர்கள்: மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எப்பேர்ப்பட்ட வெட்கம் என்று, கம்பளி, இருமல், பேருந்து எல்லாம். அவருக்குப் புரிந்தது, கண் கலங்கியது. ஆனால் குழுவின் தீர்மானம் இல்லாமல் சுவர் கொடுக்க முடியாது, உறவு இல்லாதவர்கள் இல்லாமல் தீர்மானம் போட முடியாது. போன பிறகு உங்களுக்குத் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டார். அடுத்து வந்த அதிகாரி, இங்கே என்ன தேவை என்று கேட்டார்.

மாமியார் மருமகன் மானம் காத்த மாதரசியே! இப்படியே ஆண்டுகள் போய், பெருந்தொற்று வந்தது. சாலைகளை மூடினார்கள். ரெக்ஸ் அங்கே, நீங்கள் இங்கே, போய்ப் பார்க்கவும் வழியில்லை. அந்த நேரத்தில் மருத்துவ நிலையங்களில் தடுப்புகள் கட்ட அரசு அவசரமாகப் பணம் ஒதுக்கியது. யாரும் யாரையும் நெருங்காதீர்கள் என்று வானொலியில் இரவு பகலாகச் சொன்னார்கள். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அந்தத் துறைக்கு அழைத்தீர்கள். நாங்கள் சுற்றி நின்றோம்.

"ரெண்டு நோயாளிகளும் ஒரே அறையில இருக்கக் கூடாதா?" என்றது மறுமுனை.

"கூடவே கூடாது."

"ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல படக் கூடாது. சரிதானே?"

"மூச்சு மட்டும் இல்லை. பேசவும் கூடாது, பாக்கவும் கூடாது. கதவும் வேற வேற வேணும்."

"அது கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கைதான். ஆனா நல்லது. உங்க மாதிரி எல்லா ஊரும் கவனமா இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்."

மழை வருவதற்குள் சுவர் எழுந்தது. முனையில் நர்ஸ் மேசை, இரண்டு பக்கமும் தெரியும்படி. பக்கத்துக்கு ஒரு கதவு. நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்று நினைத்து க்ளிஃபோர்ட் கேக் வாங்கி வைத்திருந்தார். நீங்களோ வண்டியில் ஏறி உட்கார்ந்து, இதுக்கா இத்தனை வருஷம் என்று கேட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதீர்கள். நாங்கள் அழைக்கவும் தெரியாமல் விட்டுப் போகவும் தெரியாமல் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

சாலை திறந்ததும் ரெக்ஸ் வீட்டுக்கு வந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் ஊரில் இருந்தார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ரெக்ஸ் கங்காரு அடித்தால் வாலை உங்கள் கையில் கொடுத்தனுப்பி, மருமகன் மாமியாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார்.

"யார் குடுத்ததுன்னு சொல்லாதே."

"அவங்களுக்குத் தெரியாதாக்கும்!"

"தெரியும். அதுக்குத்தான் சொல்லாதேங்கிறேன்."

ஒருநாள் உங்கள் தாயார் பெர்னடெட்டைக் கூப்பிட்டு, சுவரைப் பார்க்காமலேயே சொன்னார். "அந்தப் பக்கம் யாரோ இருமுறாப்பல இருக்கு. யாருன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் ஒரு போர்வை போத்திவிடு."

அந்தக் குளிர் முடியும்போது உங்கள் தாயார் போய்விட்டார். விடுதியில் அல்ல, தன் வீட்டில், தன் நெருப்புப் பக்கத்தில், உங்கள் மடியில் தலை வைத்து. நம் துக்க முறைப்படி அறைக்குப் புகை போட்டு, உரிய காலம்வரை அந்தப் பக்கத்துக் கதவை மூடி வைத்தோம். பிறகு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்யும் டெல்மா அந்த நாற்காலிக்கு வந்தார். இன்றும் அவர்தான் அங்கே.

இப்போது உங்கள் முறை. ரெக்ஸ் வந்து உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததை நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது.

"என் நாற்காலியை நீ எடுத்துக்க. டவுன் எனக்குப் பழகினதுதான்."

"ஒரு தடவை உன்னை பஸ் ஏத்திவிட்டுக் கை காட்டினேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

"அப்ப டெல்மாகிட்டக் கேட்டுப் பாப்போமா?"

"அவ பிள்ளைங்க சின்னதுங்க. வாயை மூடு."

மூன்றாவது நாற்காலிக்கு நீங்கள் விண்ணப்பம் போட்டீர்கள். கேட்கிறவரும் மேலாளர், உட்காரப்போகிறவரும் மேலாளர், ஆகவே பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நீங்கள் கோபப்படக்கூட இல்லை. நான் இந்த மேசையில் இருக்கிறவரைக்கும் அந்த நாற்காலி வராது என்று சொல்லி, விலகல் கடிதத்தை எழுதி க்ளிஃபோர்ட் கையில் கொடுத்தீர்கள். இந்த விழாவுக்குக் காரணம் வயது அல்ல, களைப்புகூட அல்ல. ஒரு நாற்காலி வருவதற்கு வழி விட்டு எழுந்திருக்கிறீர்கள், அக்கா. இதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டினால் அதுதான் பொய்.

எங்களுக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை மறுபடி அனுப்புகிறோம். நீங்கள் யார் என்று கேட்பார்கள், முதலிலிருந்து சொல்வோம். உறவு இல்லாதவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள், ஒருவரும் இல்லை என்று சொல்வோம். புது அதிகாரி வந்து என்ன தேவை என்று கேட்டால், அவருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்வோம். நீங்கள் சலித்ததைப் போலவே சலித்துக்கொண்டு, விடாமல் கேட்போம்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று இங்கே எழுத வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எங்களால் வாசிக்க முடியாது. மிஷினோடு வாழ்க, மருந்தோடு வாழ்க, எத்தனை நாள் ஆனாலும் எங்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்க! இரத்தம் சுத்தமாக ஓடட்டும், விடுதிச் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கட்டும், வாரக் கடைசியில் க்ளிஃபோர்ட் ரெக்ஸை ஏற்றிக்கொண்டு வரும்போது வண்டி வழியில் மக்கர் பண்ணாமல் இருக்கட்டும்.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் கையில் தருவதுதான் முறை. விடுதிச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை என்றார்கள். ஆகவே வாசித்து முடித்ததும் டயாலிசிஸ் அறையில், உங்கள் தாயார் இருந்த பக்கத்தில், தண்ணீர்க் குழாய்க்கு அருகே மூன்றாவது நாற்காலிக்காக வெறுமையாக இருக்கும் இடத்துக்கு மேலே மாட்டப்போகிறோம். உட்கார்ந்தால் தலைக்கு மேலே இருக்கும் உயரத்தில் பெர்னடெட் அளந்து ஆணி அடித்துவிட்டார். வந்து உட்காருங்கள், அக்கா.

என்றும் உங்கள் உறவினர்களான,
மார்லு ஊற்றுச் சமூக நலவாழ்வு நிலைய ஊழியர்கள்